கையைக் கடிக்காமல் ஸ்கூபா: மாஸ்க்கா, கம்ப்யூட்டரா, ரெகுலேட்டரா?

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்கும் ஸ்கூபா பயிற்சி முடிந்த கையோடு எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வரும். சான்றிதழ் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ராத்திரி தூங்காமல் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அளவுக்கு அழுத்தம் குறைத்து வாய்க்குத் தரும் கருவி) படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்கும் வந்தது. கையில் இருந்த பணமோ முழு செட்டின் பாதிக்குக்கூடக் காணாது. அப்போது மூன்று வழிகள் இருந்தன. கடையில் மொத்தமாகக் கட்டித் தரும் மலிவான புது செட். டைவிங்கை விட்டுவிட்ட யாரோ விற்கும் பழைய செட். அல்லது ஒன்றிரண்டு பொருளை மட்டும் சொந்தமாக வாங்கி, மீதியை வாடகைக்கு எடுப்பது.

நான் மூன்றாவது கட்சி. ஆனால் அந்த 'ஒன்றிரண்டு' எவை என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். என் வரிசை: முதலில் மாஸ்க், அடுத்து டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் அளந்து பாதுகாப்பு வரம்பைச் சொல்லும் மணிக்கட்டுக் கருவி. ரெகுலேட்டர் மெதுவாக வரட்டும்.

மாஸ்க்: விலையை அல்ல, முகத்தைப் பார்த்து வாங்குங்கள்

முழு செட்டிலேயே விலை குறைந்த பொருட்களில் ஒன்று மாஸ்க்தான். டைவைக் கெடுப்பதில் முதலிடமும் அதற்குத்தான். வாடகை மாஸ்க் பல முகங்களைப் பார்த்து ஓரம் தளர்ந்திருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் மீனை எங்கே பார்ப்பது?

சோதனை எளிது. பின்பட்டையை முன்பக்கம் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். இதோடு நிறுத்திவிடாமல், ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி செய்து பாருங்கள். வாய் திறந்ததும் கன்னமும் மேலுதடும் நகரும்; அதுவரை ஒட்டிய மாஸ்க் அப்போது கழன்று விழலாம். வெளியிலிருந்து மூக்கை விரலால் பிடிக்க வருகிறதா என்றும் பாருங்கள். காதடைப்பை விடுவிக்க அது கட்டாயம் வேண்டும்.

மீசைக்காரர்களுக்குத் தனிக் கவலை. என் முதல் மாஸ்க் கடையில் அழகாக ஒட்டியது, கடலில் ஒழுகித் தள்ளியது. மாஸ்க்கைத் திட்டினேன். குற்றவாளி என் மீசை. மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும் மழித்த பிறகு ஒழுகல் பெருமளவு நின்றது. கௌரவம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

ஒற்றைக் கண்ணாடியா, இரட்டையா? பவர் கண்ணாடி போடுபவர் என்றால் இரட்டை; பல மாடல்களில் பவர் லென்ஸை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு எது முகத்தில் உட்காருகிறதோ அது. கறுப்பு ஓரமா, ஒளிபுகும் ஓரமா என்பது ரசனை. ஓரம் சிலிகானாகவும் கண்ணாடி டெம்பர்டாகவும் இருந்தால் போதும். நீச்சல்குளக் கண்ணாடி ஸ்கூபாவுக்கு ஆகவே ஆகாது. மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்று ஊதி அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, ஆழம் கூடக் கூட அது கண்ணை உறிஞ்சும். கடல் மேலே மிதந்து பார்ப்பதற்கென்று வரும் முழுமுக ஸ்நார்கல் மாஸ்க்கும் ஸ்கூபாவுக்கு ஆகாது.

அப்புறம், புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். சாதாரணப் பற்பசையை உட்பக்கம் தடவி நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று முறை. இல்லாவிட்டால் விலை உயர்ந்த மாஸ்க்கும் ஆவி பிடித்து வெள்ளையாகிவிடும்.

கம்ப்யூட்டர்: வாடகையா, சொந்தமா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சொந்தம். ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் சேரும்; அளவு மீறினாலோ வேகமாக மேலேறினாலோ அது குமிழியாகி ஆபத்து. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைக்கிறது. காலை டைவில் சேர்ந்தது மதிய டைவிலும் உடம்பில் மிச்சமிருக்கும். காலையில் ஒரு வாடகை கம்ப்யூட்டர், மதியம் வேறொன்று என்றால் இரண்டாவதுக்கு உங்கள் காலைக் கதை தெரியாது. அதைவிட மோசம், மதியம் உங்களுக்கு வருவது காலையில் வேறொருவர் கட்டியிருந்ததாக இருப்பது.

கம்ப்யூட்டரே வேண்டாம், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணை போதும் என்பவர்களும் உண்டு. பயிற்சியில் பரவலாகப் பயன்பட்ட ஓர் அட்டவணை, 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் என்று வரம்பு சொல்லும். ஆனால் டைவ் முழுவதும் அந்த ஆழத்திலேயே கிடந்ததாக அது எடுத்துக்கொள்ளும். நிஜத்தில் நாம் கொஞ்ச நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு மெல்ல மேலே ஏறிக்கொண்டே வருவோம். அதைக் கணக்கில் எடுப்பது கம்ப்யூட்டர்தான். வேகமாக மேலேறினால் கத்துவதும் அதுதான்.

கிரெஸ்ஸி லியோனார்டோ, மாரெஸ் பக் ப்ரோ போன்றவை ஆரம்ப விலைப்பிரிவின் பழைய முகங்கள். இரண்டிலும் ஒரே பொத்தான். அமைப்புகளை மாற்ற அதையே திரும்பத் திரும்ப அழுத்தும்போது எரிச்சல் வரும். தண்ணீருக்கு அடியில் அந்த எளிமையே வரம். பெரிய எண்கள், நாமே மாற்றக்கூடிய பேட்டரி, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்றுக் கலவை) வசதி, இவ்வளவு இருந்தால் ஆரம்பநிலைக்குத் தாராளம். வண்ணத்திரையும் சிலிண்டர் அழுத்தத்தை மணிக்கட்டில் காட்டும் டிரான்ஸ்மிட்டரும் வேண்டியதில்லை. அழுத்தத்தைக் காட்ட வாடகை ரெகுலேட்டரிலேயே மானி தொங்கும். பழையதை வாங்குவதானால் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கும். விட்டுவிடுங்கள்.

ரெகுலேட்டர்: இலவசமாகக் கிடைத்தாலும் கட்டுமா?

'உயிரே அதில்தான் தொங்குகிறது, அதைப் போய் வாடகைக்கு எடுப்பதா?' இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் உயிரைக் காப்பது சொந்தக்காரர் பெயர் அல்ல, சர்வீஸ். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது குறிப்பிட்ட டைவ் எண்ணிக்கைக்கு ஒருமுறை சர்வீஸ் கேட்கிறார்கள். சில மாடல்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் கடலுக்குப் போய், மீதி நாளெல்லாம் அலமாரியில் தூங்கும் ரெகுலேட்டருக்கும் இதே செலவுதான்.

வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒருமுறை சர்வீஸ் செய்ய ஆகும் தொகையை ஒருநாள் வாடகையால் வகுத்துப் பாருங்கள். வருவது, உதாரணத்துக்கு, எட்டு என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு எட்டு நாளுக்கும் குறைவாக டைவ் செய்பவருக்கு, ஆண்டு சர்வீஸ் கேட்கும் ரெகுலேட்டர் இலவசமாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான். இந்தக் கணக்கைக் கடையில் யாரும் நமக்குப் போட்டுக் காட்டியதில்லை.

நாள் கணக்கு தாண்டுகிறது என்றால் சரி, வாங்கலாம். சிலிண்டரில் பொருத்தும் பகுதி ('முதல் நிலை') பிஸ்டனா, டயஃபிரமா (சவ்வு)? பிஸ்டனில் பாகங்கள் குறைவு, விலையும் சர்வீஸும் பொதுவாக மலிவு. டயஃபிரம் வகையில் உள்வேலைகளைத் தண்ணீர் தொடாது, அதனால் மணலும் குளிரும் உள்ள இடங்களில் அதற்கு மதிப்பு. சிலிண்டர் அழுத்தம் குறைவதை ஈடுகட்டாத, அதாவது பேலன்ஸ் செய்யாத மலிவு மாடலில் சிலிண்டர் காலியாகும்போது மூச்சு இழுக்கச் சற்றுக் கனமாகும். வெதுவெதுப்பான கடலில் 18 மீட்டருக்குள் சுற்றும் ஆரம்பநிலைக்காரருக்கு அது தடையல்ல. சிலிண்டரில் பொருத்தும் முறையில் யோக்கும் (வால்வைக் கவ்வி இறுக்குவது) டின்னும் (DIN, வால்வுக்குள் திருகுவது) போட்டி. டின் இறுக்கமானது, யோக் வால்வுக்கு அடாப்டர் போட்டுக்கொள்ளலாம் என்பதால் நான் டின் பக்கம். நீங்கள் டைவ் செய்யும் இடத்தில் எல்லாமே யோக் என்றால் அதையே வாங்குங்கள்.

பழைய ரெகுலேட்டர் மலிவாக வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதல் நிலையின் வாயிலில் நாணயம்போல ஒரு சிறு வடிகட்டி தெரியும். பச்சை பூத்திருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் துருப்பிடித்த சிலிண்டரில் ஓடியிருக்கிறது. அடுத்து, அந்த வாயிலின் மூடியை இறுக்கி, காற்று இணைப்பு இல்லாமல் வாய்ப்பகுதியைக் கடித்து உறிஞ்சுங்கள். ஒன்றும் வரக் கூடாது. காற்று வந்தால் எங்கோ ரப்பர் கிழிந்திருக்கிறது. கடலில் அதே வழியாகத் தண்ணீர் வரும். இரண்டிலும் தேறினாலும் சர்வீஸ் செலவை விலையோடு கூட்டித்தான் பேரம் பேச வேண்டும். அந்த மாடலுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று சர்வீஸ் செய்பவரிடம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மற்றவை

பி.சி.டி.யை (காற்றேற்றி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) வாடகைக்கே எடுங்கள். ஜாக்கெட் வகை நீர்மட்டத்தில் நிமிர்த்தி வைக்கும், முதுகில் காற்றுப்பை உள்ள வகை தண்ணீருக்குள் கிடைமட்டமாகப் படுக்க வசதி. இரண்டையும் வாடகையில் போட்டுப் பார்க்காமல் எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? பழையது என்றால் முழுக்க ஊதி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காற்றேற்றும் பொத்தான் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது என்றால் தொடவே வேண்டாம், அது உங்களை நேரே மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஃபின்ஸில் (காலில் மாட்டும் துடுப்பு), படகிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் குதிப்பவருக்குப் பாதத்தை முழுசாக மூடும் வகை மலிவு, எடையும் குறைவு. பாறைக்கரையில் நடந்து இறங்குபவருக்குப் பூட்ஸோடு போடும் குதிகால் திறந்த வகை.

வெட்சூட்டில் தடிமனைவிட அளவு முக்கியம். தொளதொளவென்ற 5 மி.மீ.யைவிடச் சிக்கென்ற 3 மி.மீ. சூடாக வைத்திருக்கும். ரொம்பப் பழையதை வாங்காதீர்கள். நியோப்ரீனில் உள்ள காற்றுக்குமிழிகள் நசுங்கிப்போய் வெறும் ரப்பர் சட்டையாகியிருக்கும். வாடகை வெட்சூட்டுக்குள் இதற்குமுன் யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் யோசிக்க வேண்டாம்.

சிலிண்டர் வாங்கவே வேண்டாம். பல நாடுகளில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, நடுநடுவே உட்பக்கப் பரிசோதனை, தூக்கிச் சுமக்கும் பாடு எல்லாம் சேர்ந்து வரும்.

மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் வாங்கியபின் கொஞ்சம் சில்லறை மிஞ்சினால் பலரின் கை கத்திப் பக்கம் போகும். எனக்கும் போனது. கத்தி இன்றுவரை ஒரு மீன்வலையைக்கூட அறுத்ததில்லை. அதே காசுக்குச் சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் ஒரு மிதவைக் குழாயும் நூல் சுற்றிய ஸ்பூலும் ஒரு விசிலும் வந்திருக்கும். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போன ஒரு மதியம் கூட வந்தவர் தன் மிதவையை ஊதி மேலே விட்டதால்தான் படகு எங்களைப் பார்த்தது. மறுவாரமே நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.