கம்பியா, காற்றா, கரண்டு லைனா: சேலத்து மாடியறைக் கணினிக்கு எது சரிப்படும்?

அம்மாபேட்டையில் என் அண்ணன் வீட்டில் ரவுட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அவர் மகன் விளையாடும் கணினியோ மாடியறையில், படிக்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆர்.சி.சி. தளமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் நிற்கின்றன. "சித்தப்பா, ஸ்பீடு டெஸ்ட் போட்டா நாப்பது காட்டுது. ஆட்டத்துல இறங்குனா மட்டும் லேக் அடிக்குது" என்று அவன் சொன்னபோது, 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா என்பதுதான் வீட்டில் பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது. மாறியிருந்தால் மாதக் கட்டணம் கூடியிருக்கும்; ஆட்டம் திக்கித் திக்கி நகரும் அந்த லேக் அப்படியே இருந்திருக்கும்.

ஆட்டம் நடக்கும்போது கணினியும் சர்வரும் பரிமாறிக்கொள்ளும் தரவு மிகக் குறைவு. நொடிக்குச் சில மெகாபிட் இருந்தால் தாராளம். அந்தத் தரவைச் சுமக்கும் ஒவ்வொரு சிறு பொட்டலமும் ஒரே சீரான நேரத்தில் போய்த் திரும்புகிறதா என்பதே கேள்வி. 40 மில்லிவிநாடி என்று ஒரே நிலையாக நிற்கும் இணைப்பில் விளையாடிவிடலாம். 20-க்கும் 200-க்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும் இணைப்பில், அதன் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும், விளையாட முடியாது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் சன்னல்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் நிறுத்தாமல் பிங் (பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தை மில்லிவிநாடியில் காட்டும் கட்டளை) ஓட விட்டு, ஆட்டத்தில் இறங்கிவிடலாம். லேக் அடித்த கணத்தில் இரண்டு சன்னல்களிலும் எண்கள் எகிறியிருந்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. ரவுட்டருக்கான எண் அசையாமல் நிற்க, வெளி எண் மட்டும் எகிறியிருந்தால் ரவுட்டருக்கு அப்பால் தேட வேண்டும். அண்ணன் வீட்டில், ஏழெட்டு மீட்டர் தொலைவிலிருக்கும் ரவுட்டருக்கான எண்ணே மூன்று இலக்கத்தைத் தொட்டுத் தொட்டு இறங்கியது.

அவன் கணினி 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தது. சுவரையும் தளத்தையும் தாண்டி வருவதில் இந்த அலைவரிசைதான் கெட்டி. ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்றுதான். ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள் நிறைந்த தெருவில் அத்தனை ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்க வேண்டும். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே இடத்துக்குத்தான் வருகின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் விசாலம், தாமதமும் குறைவு. ஆனால் கான்கிரீட் தளம் குறுக்கே வந்தால் அது சட்டென்று தளர்ந்துவிடும். ரவுட்டரும் கணினியும் ஒரே அறையிலோ அடுத்தடுத்த அறைகளிலோ இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸைத் தயங்காமல் எடுக்கலாம். மேல்தளம் என்றால், முதலில் ரவுட்டரை டிவியின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்துப் படிக்கட்டுப் பக்கம் உயரத்தில் மாட்டிப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை. யுஎஸ்பி வைஃபை டாங்கிளைக் கேபினட்டின் பின்புறம் செருகியிருப்பவர்கள், ஒரு சிறு நீட்டிப்பு ஒயர் போட்டு அதை மேசை மேல் கொண்டுவந்துவிடலாம். இரும்புப் பெட்டி அலையை மறைக்கிறது, யுஎஸ்பி 3.0 துளைகளோ 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்புகின்றன.

சுவரில் துளை போட அண்ணிக்கு விருப்பமில்லை என்பதால், வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டரை ஓரிடத்தில் இரவல் வாங்கிச் சோதித்தோம். சிங்கிள் பேஸ் இணைப்புள்ள சிறு வீட்டில் இது வேலை செய்யக்கூடும். ஆனால் தறி ஓடும் பகுதிகளிலும், ஏசி வைத்த வீடுகளிலும் த்ரீ பேஸ் இணைப்பு சகஜம். கீழே ஒரு பேஸ், மேலே வேறு பேஸ் என்றால் அடாப்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே திணறும். இன்வெர்ட்டர் லைனும் யுபிஎஸ்ஸும் ஸ்பைக் பஸ்டரும் சிக்னலை விழுங்குகின்றன. மோட்டார் ஓடத் தொடங்கினால் மீதியும் போய்விடும். சேலத்தில் இதற்குக் காசு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சியது லேன் கேபிள். கேட் 5இ தரத்துக் கேபிளே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட்டைச் சுமக்கும். கேட் 6 வாங்கினால் நல்லது, அதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. விலையைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம்: அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிள்கள் கடைகளில் நிறையக் கிடக்கின்றன, முழுச் செம்பா என்று கேட்டே வாங்க வேண்டும். நாங்கள் வென்டிலேட்டர் வழியாக வெளியே எடுத்து, சன்ஷேடுக்கு அடியில் கிளிப் அடித்து, மாடி ஜன்னல் ஓரமாக உள்ளே விட்டோம். புதிதாக ஒரு துளையும் போடவில்லை. ஆனாலும் கணினி 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றே காட்டியது. முனையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால், எட்டுக் கம்பிகளில் பழுப்புக் கம்பி ஒன்று நுனி வரை எட்டாமல் பாதியிலேயே நின்றிருந்தது. நான்கு ஜோடிகளும் சரியாக அமர்ந்தால்தான் ஒரு ஜிகாபிட் கிடைக்கும். இரண்டு ஜோடிகளே 100-க்குப் போதும் என்பதால், இந்தக் குறை வாய் திறந்து எதையும் சொல்லாது. முனையை வெட்டிவிட்டு, கம்பிகளைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தி மறுபடி கிரிம்ப் செய்ததும் சரியாயிற்று. ரவுட்டருக்கான பிங் இப்போது ஒரு மில்லிவிநாடிக்குக் கீழ் நிற்கிறது.

அதன் பிறகும் ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு வெளி எண் மட்டும் எகிறியது. அண்ணி கடையிலிருந்து வந்ததும் அவருடைய கைபேசி அன்றைய படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. அப்லோடு பாதை நிரம்பியதும் ஆட்டத்தின் பொட்டலங்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. எந்தச் சாதனத்தின் தரவு முதலில் போகலாம் என்று தீர்மானிக்கும் ரவுட்டரின் க்யூஓஎஸ் அமைப்பில் கணினிக்கு முன்னுரிமை கொடுத்ததில் அது அடங்கியது. டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் பிங் குறையும் என்று பலர் சொல்வதுண்டு. டிஎன்எஸ் செய்வது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் வேலை. ஆட்டம் தொடங்கிய பிறகு அதற்கு அங்கே சோலியில்லை.

ஓர் எல்லைக்குக் கீழ் யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது 100 கிலோமீட்டருக்குப் போய்வர ஒரு மில்லிவிநாடி ஆகிறது. வாலரண்ட் ஆட்டத்துக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. சேலத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர் என்பதால் 10 மில்லிவிநாடி கட்டாயம், கேபிள் சுற்றிப் போகும் வழியைச் சேர்த்தால் இன்னும் கூடும். சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டு நெட் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை. அதன் தொலைவு மும்மடங்கு.

ஏற்காட்டுக்குப் போனால் ஒப்பீடே வேறு. அங்கே வீட்டுக்குள் இருக்கும் கம்பியைவிட, மலைக்கு மேலே வரும் இணைப்பு எது என்பதே பெரிய கேள்வி. ஃபைபர் வந்தால் பிங் சீராக இருக்கும். ஆனால் காற்று மழையில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பத்துக் கேபிளின் மேல் விழுந்தால், பெட்டியில் சிக்னல் அறுந்ததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிவிடும், ஆள் வந்து இழையை ஒட்டும் வரை காத்திருக்க வேண்டும். டவரிலிருந்து வரும் 5ஜி, 4ஜி இணைப்பு அப்படி ஒரேயடியாக அறுந்துபோவதில்லை. ஆனால் சரிவும் மரமும் டவரை மறைத்தால் பிங் தாவும், விடுமுறைக் கூட்டம் ஏறினால் மேலும் தாவும். ஆட்டத்துக்கு நான் ஃபைபரையே எடுப்பேன். அறுந்த நாளுக்குக் கைபேசியை ஹாட்ஸ்பாட்டாக வைக்காமல் யுஎஸ்பி கேபிளில் இணைத்துக்கொள்வேன், வைஃபை என்ற ஒரு கண்ணியாவது குறையும்.

தோட்டத்து வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் அவுட்ஹவுஸுக்கு இணைப்புக் கொடுப்பவர்கள் மட்டும், நான் மேலே புகழ்ந்த லேன் கேபிளை வெளியே இழுக்க வேண்டாம். இடி மின்னல் இறங்கும் ஊரில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீளும் செம்புக் கம்பி இரு பக்கத்துச் சாதனங்களையும் ஒரே இரவில் எரித்துவிடக்கூடும். அந்தத் தூரத்துக்கு உள்ளே இரும்புக் கம்பி ஓடாத கண்ணாடி இழைக் கேபிளையும், இரு முனைகளில் ஒளியையும் மின் சிக்னலையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டரையும் போட்டுக்கொள்ளலாம்.