கனெக்டிங் ஃபிளைட் என்று சொல்லி இரண்டு தனி டிக்கெட்டைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

திருச்சி, சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா, ஜப்பான் பக்கம் போகிறவர்கள், டிராவல்ஸில் கொடுக்கிற தாளை அப்படியே மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். "கனெக்டிங் ஃபிளைட்தான்" என்று வாயால் சொல்வது வேறு, முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போட்டுத் தருவது வேறு. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே வேலையைச் செய்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், ஆன்லைன் தளங்களும் சேர்த்தி.

தங்கை மெல்போர்னில் இருக்கிறாள், பிரசவ நேரம். அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், நின்றால் பத்து நிமிடத்தில் உட்கார இடம் தேடுவார். அதனால் டிக்கெட் போடும்போது நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. "அண்ணே, கவலையே படாதீங்க, திருச்சியில லக்கேஜைப் போட்டா மெல்போர்ன்லதான் எடுக்கப் போறீங்க, நடுவுல மூணு மணி நேரம் கேப் இருக்கு, அம்மாவை உக்கார வெச்சு ஒரு காபி வாங்கிக் குடுங்க" என்று டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பினார்.

அவர் கொடுத்த தாளில் மேலே கடை லோகோ, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரே ஒரு புக்கிங் எண், அப்புறம் திருச்சி, கோலாலம்பூர், மெல்போர்ன் என்று வரிசையாக. யார் பார்த்தாலும் ஒரே டிக்கெட் என்றுதான் நினைப்பார்கள். அந்த எண் எந்த விமான நிறுவனமும் கொடுத்ததில்லை, அவருடைய சாஃப்ட்வேர் தானாகப் போட்டுக்கொள்கிற எண். நிஜமான பிஎன்ஆர் (விமான நிறுவனம் கொடுக்கிற புக்கிங் எண்) இரண்டும் அடுத்த பக்கத்தில், லக்கேஜ் விதிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் கிடந்தன. முதல் விமானம் ஒரு பட்ஜெட் நிறுவனத்துடையது, அடுத்தது வேறு நிறுவனம். ஒன்றுக்கொன்று ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

திருச்சி கவுண்டரில் பெட்டியில் ஒட்டிய டேக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கோலாலம்பூருக்கான கேயுஎல் என்று மட்டும் இருந்தது, மெல்போர்னுக்கான எம்இஎல் இல்லை. போர்டிங் பாஸும் ஆளுக்கு ஒன்றுதான் வந்தது. கேட்டதற்குக் கவுண்டரில் இருந்த பெண், "உங்க அடுத்த டிக்கெட் எங்க சிஸ்டத்துலயே இல்ல சார், கோலாலம்பூர்ல வெளிய போய் லக்கேஜ் எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும்" என்றார். டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டால் ராத்திரி நேரம், எடுக்கவில்லை. அதற்கு மேல் அந்த விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம்.

கோலாலம்பூர் விமான நிலையத்தைத் தெரியாதவர்களுக்கு: அங்கே டெர்மினல் 1, டெர்மினல் 2 என்று இரண்டு, நடந்து போகிற தூரம் இல்லை. பட்ஜெட் விமானம் இறங்குவது 2-இல், எங்கள் மெல்போர்ன் விமானம் 1-இல். பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் குடிநுழைவைத் தாண்டி மலேசியாவுக்குள் போயாக வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தேவையில்லாமல் இருந்ததால் தப்பித்தோம், ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். உள்ளே போகாமல் டிரான்சிட்டில் போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பதால் எங்களிடம் இல்லை. வரிசையில் நின்றபடியே, ஏர்போர்ட் வைஃபையில், அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கட்டைவிரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினேன். தங்கும் முகவரி என்று ஒரு கட்டம். என்னத்தைப் போடுவது? அம்மா பின்னால் தள்ளுவண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, இன்னும் வரலையா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முத்திரை குத்தி, பெட்டி வந்து, டெர்மினல் 1-க்கு ரயிலைப் பிடித்து (ரயிலில் மூன்றே நிமிடம்தான், பிளாட்ஃபாரம் வரைக்கும் போகிற நடைதான் கொல்லும்) கவுண்டருக்குப் போனபோது விமானம் கிளம்ப முக்கால் மணி நேரம் இருந்தது. சர்வதேச விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். விமானம் அங்கேயே நிற்கிறது, ஏறத்தான் முடியாது.

அங்கே பணியிலிருந்த மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் பொறுமையாகச் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். விமானம் கிளம்புவதற்கு முன்பே வந்து சொல்லிவிட்டதால் கட்டணம் வாங்கிக்கொண்டு வேறு விமானத்துக்கு மாற்றித் தர முடிகிறது. கிளம்பின பிறகு வந்திருந்தால் நோ-ஷோ, அதாவது பயணத்துக்கு வராதவர் என்று கணக்காகி, அதே டிக்கெட்டில் இருக்கிற ரிட்டர்னும் சேர்ந்து ரத்தாகியிருக்கும். மாற்றுக் கட்டணமும் டிக்கெட் விலை வித்தியாசமும் சேர்த்து ஆளுக்கு 30 ஆயிரத்துக்கு மேல் போனது, அன்று இரவு விமானம் வரை அம்மா அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரே டிக்கெட்டாகப் போட்டிருந்தால் ஆளுக்கு ஏழாயிரம் அதிகம், அவ்வளவுதான். அதை டிராவல்ஸ்காரர் எங்களிடம் கேட்கவே இல்லை. கம்மி விலை காட்டி ஆளைப் பிடித்து, நடுவில் தன் கமிஷனையும் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்குதான்.

பிறகு ஆரம்பித்தது பந்து விளையாட்டு. முதல் விமானக்காரர்கள், "உங்களைக் கோலாலம்பூரில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்றார்கள். சட்டப்படி அது சரியும்கூட. இந்தியாவில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) விதியிலேயே, கனெக்‌ஷன் தவறியதற்கு இழப்பீடு என்ற பேச்சு ஒரே டிக்கெட் எண்ணில் இருந்தால்தான். இழப்பீட்டில் தாராளமான ஐரோப்பிய விதிகூட ஒரே புக்கிங்காக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும். டிராவல்ஸ்காரரோ, "ஃபிளைட் லேட்டானா நான் என்னண்ணே பண்றது" என்றார். அடுத்த முறை சர்வீஸ் சார்ஜ் வாங்க மாட்டாராம், அதுதான் அவர் கொடுத்த நஷ்டஈடு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கொடுப்பதற்கு முன்பே "ஒரே பிஎன்ஆரா, லக்கேஜ் கடைசி ஊர் வரைக்கும் டேக் ஆகுமா" என்று எழுத்தில் கேளுங்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் கடை போட்ட எண்ணை விட்டுவிட்டு, விமான நிறுவனத்தின் பிஎன்ஆரைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய தளத்தில் போட்டுப் பாருங்கள். கடைசி ஊர் வரை முழுப் பயணமும் அதில் வந்தால் நல்லது. பாதியில் நின்றால் அன்றைக்கே சண்டை போடுங்கள். ஆன்லைன் தளங்களில் "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று சின்னதாக ஒரு வார்த்தை இருக்கும், அதுவும் இதுதான்.

கோலாலம்பூராவது விசா இல்லாமல் உள்ளே விட்டது. இதையே ஃபிராங்க்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ செய்தால் பெட்டி எடுக்க வெளியே போக ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) வேண்டும், இல்லையென்றால் இங்கே சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள். டெல்லியில் டெர்மினல் 1-இல் இறங்கி 3-இல் ஏறுவது என்றால் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், டிசம்பர், ஜனவரி மூடுபனியில் விமானம் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு அடி: அங்கே 30 கிலோ கொடுத்திருப்பார்கள், சென்னையிலிருந்து மதுரைக்குத் தனியாகப் போட்ட உள்ளூர் டிக்கெட்டில் 15 கிலோதான், மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். தனி டிக்கெட் போட்டே தீர வேண்டுமென்றால் முதல் நாளே போய் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். மூன்று மணி நேரமெல்லாம் கேப்பே இல்லை. டிராவல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்புகிறவர்கள், தனித்தனி டிக்கெட்டுக்கும் அது பொருந்துமா என்று பாலிசியைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொறுப்பு விமான நிறுவனத்துடையது இல்லை, தவறாகச் சொல்லி விற்றவருடையது என்று தெளிவாக எழுதுங்கள். கடை கொடுத்த தாள், இரண்டு பிஎன்ஆர், பெட்டி டேக், மாற்றுக் கட்டண ரசீது எல்லாவற்றையும் சேருங்கள். எங்கள் புகாரில் கனமாக இருப்பது அந்தக் காபி வாங்கிக் கொடுக்கச் சொன்ன குரல் பதிவுதான், அதனால் டிராவல்ஸ்காரரின் வாட்ஸ்அப் சாட்டைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.