கதர்க் கொடி: கும்பகோணம் மொட்டை மாடிக்கு ஒன்று, சிங்கப்பூர் வீட்டுக்கு ஒன்று

போன வருடம் ஆகஸ்ட் 15-க்கு அப்பா தெருமுனையில் ஒரு பாலியெஸ்டர் கொடி வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தால் அசோகச் சக்கரம் முட்டை வடிவத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரங்களை எண்ணினார், 24 வரவில்லை. அதை ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை, அந்த வருடம் எங்கள் வீட்டில் கொடி இல்லாமலே போனது. சிங்கப்பூரில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதனால் இந்த ஜூலையில் ஊருக்குப் போனபோது சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு கதர்க் கடைக்குப் போனேன்.

மொட்டை மாடிக்கு 900×600 மில்லிமீட்டர் அளவில் ஒன்று, இங்கே வீட்டில் மேசைமேல் வைக்க 150×100 அளவில் ஒன்று. கொடிக்கு மொத்தம் ஒன்பது அளவுகள் உண்டு, பெரியது 6300×4200. எந்த அளவாக இருந்தாலும் நீளமும் உயரமும் 3:2 விகிதத்தில்தான் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு வாங்கிய கொடியின் விலை ஆயிரத்தைத் தாண்டியது. 2022-இல் தபால் நிலையங்களில் 25 ரூபாய்க்குக் கொடி கொடுத்தார்கள், அதோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். ஆனால் கையில் வாங்கிப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

முதலில் தெரிவது துணி. கையால் நூற்றுக் கையால் நெய்தது என்பதால் வெளிச்சத்தில் பிடித்தால் இழைகள் அங்கங்கே கொஞ்சம் தடித்தும் மெலிந்தும் தெரிகின்றன. காவி கண்ணைக் குத்தவில்லை. பச்சை நல்ல அடர்த்தி. கயிறு போகிற ஓரப் பட்டிக்கு வேறு துணி, கேன்வாஸ் போலத் தடித்த பழுப்புநிறக் கதர், அதில் இரட்டைத் தையல். எனக்கு முக்கியம் சக்கரம்தான். கொடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், முன்பக்கச் சக்கரமும் பின்பக்கச் சக்கரமும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தின. கடையிலேயே நின்று எண்ணினேன், 24.

இந்தக் கொடிகள் கர்நாடகத்தில் ஹூப்ளிக்குப் பக்கத்தில் பெங்கேரியில் உள்ள கதர் சங்கத்தில் தயாராகின்றன, அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூல், நெசவு, சாயம், அளவு, தையல் எல்லாவற்றுக்கும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு, ஒன்று பிசகினாலும் தேறாது. 2021 டிசம்பர் 30-இல் கொடிச் சட்டத்தைத் திருத்தி பாலியெஸ்டருக்கும் இயந்திரத் துணிக்கும் அனுமதி கொடுத்தார்கள். அதனால் நிறைய வீடுகளுக்குக் கொடி போய்ச் சேர்ந்தது, அது நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் என்ன வழி என்பதையும் யோசிக்க வேண்டும். முடிகிறவர்கள் கதர்க் கொடியே வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். துணி கனமானது, லேசான காற்றுக்கு அசையாது. மடித்து வைத்தால் சுருக்கம் விழும், ஏற்றுவதற்கு முந்தின நாள் இஸ்திரி போட்டே ஆக வேண்டும். கடையில் கம்பம் கிடைக்கவில்லை, ஊரில் தனியாக ஏற்பாடு செய்துகொண்டோம். சின்ன அளவு அன்று இரண்டே இரண்டுதான் இருந்தன, ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அதுவும் கிடைக்காது என்றார் கடைக்காரம்மா. ஆனால் மேசைக்கொடி கேட்டபோது அவர் உள்ளே போய்த் தேடி எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். அந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடைக்கு மறுபடி போவேன்.

சிங்கப்பூரில் ஆகஸ்ட் வேறு மாதிரி. 9-ஆம் தேதி இங்கே தேசிய தினம், அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரமெல்லாம் சிவப்பு வெள்ளைக் கொடிகள் தொங்கும். எங்கள் கைப்பிடிச் சுவரிலும் ஒன்று கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கேதான் பிறந்தவர்கள், அது அவர்கள் கொடி. வேறு நாட்டுக் கொடியை அனுமதி இல்லாமல் பொது இடத்தில் காட்ட இங்கே சட்டம் இடம் தராது, ஆகவே நம் கொடி வீட்டுக்குள்ளே, புத்தக அலமாரி மேல், தாத்தா படத்துக்குப் பக்கத்தில். வெளியே அதுவும் உள்ளே இதுவும் இருப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. சின்னவள் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்க்கிறாள்.

15-ஆம் தேதி இங்கே விடுமுறை கிடையாது. அப்பா காலை 7 மணிக்கு ஏற்றும்போது இங்கே 9.30, அலுவலகப் படிக்கட்டில் நின்று போனில் பார்த்தேன். கொடிக்குள் அம்மா ரோஜா இதழ்களை வைத்து மடித்திருந்தார். கயிறு முதல் இழுப்பில் சிக்கி இரண்டாவது இழுப்பில் விரிந்தது, இதழ்கள் அப்பா தலையிலும் தோளிலும் கொட்டின. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மத்தியானம் ஒரு மழை. பச்சை வெள்ளையில் இறங்கிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம், அம்மாவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். துளி சாயம் இறங்கவில்லையாம், ஆனால் நிழலில் காய ஒரு நாள் முழுக்க ஆனதாம்.

அப்புறம் அப்பா அதை மடித்த விதத்தையும் வீடியோ அனுப்பினார். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, இரண்டு பக்கமும் உள்ளே திருப்பி, கடைசியில் சக்கரம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி, உள்ளங்கைகளில் ஏந்தி எடுத்துப் போய் அம்மாவின் பட்டுப்புடவை அடுக்குக்கு மேலே வைத்தார்.