அடாஸ் காரும் சென்னை–திருச்சி ரோடும்: எதை நம்பலாம், எதை அணைக்கலாம், மோதினால் யார் பொறுப்பு

2021-ல் எக்ஸ்யூவி700 வந்தபோது பெரிய வண்டிக்காரர்களின் பேச்சாக இருந்த லெவல் 2 அடாஸ் (ஓட்டுபவரின் மேற்பார்வையில் வேகத்தையும் ஸ்டியரிங்கையும் கார் தானே கவனித்துக்கொள்ளும் ஓட்டுதவி வசதி), கிரெட்டா, செல்டோஸ், ஹாரியர், வெர்னா என்று பரவி, 2024 டிசம்பரில் புது அமேஸ் வரை இறங்கிவிட்டது. ஷோரூமில் சேல்ஸ்மேன் காட்டுவது பத்து நிமிட வித்தை. தாம்பரம் தாண்டி திருச்சி வரை அதே காரை மழையிலும் இரவிலும் மாதக்கணக்கில் ஓட்டும்போதுதான் அதன் சுபாவம் புரியும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஓடுகிற வண்டிக்குப் பின்னால் இடைவெளி பிடித்து ஓடுவதில் இது கெட்டிக்காரன். நிற்கிற வண்டியைக் கண்டு நிற்பதில் நம்ப முடியாத ஆள். நம் ஊர் நெடுஞ்சாலையில் உயிருக்கு உலை வைக்கக்கூடியது இந்த இரண்டாவது விஷயம்.

அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோலிலிருந்து ஆரம்பிப்போம். 90-ல் செட் செய்துவிட்டால் முன்னால் போகிற காரின் வேகத்துக்கு ஏற்பத் தானே குறைத்துக் கூட்டிக்கொள்ளும். நீண்ட தூரம் ஓட்டுபவரின் கால் வலி பாதியாகக் குறையும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்டியரிங்கில் இருக்கும் அந்த இடைவெளி பட்டனை எத்தனை பேர் கணக்குப் பார்த்து வைக்கிறார்கள்? 90 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். இடைவெளியைக் குறைந்த அளவில் வைத்தால் ஏறக்குறைய ஒரு விநாடி, அதாவது 25 மீட்டர்தான் கையில் இருக்கும். அதிக அளவில் வைத்தால் இரண்டு விநாடிக்குக் குறையாது, 50 மீட்டர். காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு 90-லிருந்து நிற்க சுமார் 45 மீட்டர் வேண்டும். பிரேக்கில் கால் போகும் அந்த ஒரு விநாடிக்கு இன்னொரு 25 சேர்த்தால் 70.

இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், நடக்கிற விபத்து இப்படித்தான். முன்னால் ஒரு ஆம்னி பஸ் போகிறது, நம் கார் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பஸ்ஸுக்கு 20 மீட்டர் முன்னால் பஞ்சரான லாரி, இடது லேனிலேயே, டெயில் லேம்ப் இல்லாமல் நிற்கிறது. பஸ் டிரைவர் உயரத்திலிருந்து பார்த்து சட்டென்று வலது பக்கம் வெட்டிவிடுவார். நம் காருக்கோ முன்னால் இருந்த வண்டி விலகிவிட்டது, பாதை காலி. செட் செய்த வேகத்துக்குப் போக ஆக்ஸிலரேட்டரைக் கூட்டும். பஸ்ஸின் நீளத்தைச் சேர்க்காமல் பார்த்தால், அதிக இடைவெளியில் வைத்திருந்தால் நம்மிடம் 70 மீட்டர் இருக்கும், கண் விழிப்பாக இருந்தால் தப்பிக்கலாம். குறைந்த இடைவெளியில் வைத்திருந்தால் 45. கணக்கு அவ்வளவுதான்.

ரேடாருக்கு லாரி தெரியாதா என்றால், தெரியும். பம்பருக்குள் இருக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒரு பொருளின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. ரோட்டோரக் கைகாட்டி, மேம்பாலத் தூண், இரும்புத் தடுப்பு எல்லாமே அதற்கு ‘நிற்கிற பொருள்’. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடாது. அதனால் அதிக வேகத்தில் போகும்போது நிற்பவற்றை வடிகட்டிவிடும்படி மென்பொருளை எழுதியிருக்கிறார்கள். மிச்சப் பொறுப்பு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்கு. கேமரா ‘இது லாரியின் பின்புறம்’ என்று அடையாளம் கண்டால்தான் தானியங்கி பிரேக் முழு பலத்தோடு இறங்கும். ஹோண்டா சிட்டி, அமேஸ் மாதிரி முன்பக்க ரேடாரே இல்லாமல் கேமராவை மட்டும் வைத்து ஓடுகிற கார்களில் இரவும் மழையும் இன்னும் கவனம் கேட்கும்.

இப்போது முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கம் அரவை சீசனில் வரும் கரும்பு டிராக்டரை நினைத்துப் பாருங்கள். டிரெய்லரின் இரு பக்கமும் பிதுங்கி, பின்னால் தோகை தொங்கி, நம்பர் பிளேட், விளக்கு, ரிஃப்ளெக்டர் எதுவும் தெரியாமல் 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். வைக்கோல் லோடும் அப்படித்தான். பின்புறம் பார்க்க வண்டி மாதிரியே இருக்காது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண்ணை இடித்துக் கொன்றது. விசாரணையில் வெளிவந்த விஷயம் இதே ரகம்: மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் கார் என்றும், வேறு ஏதோ என்றும், சைக்கிள் என்றும் மென்பொருள் மாற்றி மாற்றி வகைப்படுத்தி, மாறும்போதெல்லாம் அதுவரை பார்த்த பாதையை மறந்து புதிதாகக் கணக்குப் போட்டது. அந்தக் காரின் கூரையில் லேசர் சென்சாரே இருந்தது. நம் காரில் அதுவும் கிடையாது.

ஆகவே விழுப்புரம் முதல் உளுந்தூர்பேட்டை வரை இரவில் க்ரூஸ் போட்டால் வேகம் 80, இடைவெளி முழு அளவு, வலது கால் பிரேக்குக்கு மேல். இடைவெளி விட்டால் நடுவில் எவனாவது புகுந்துவிடுவான் என்று எல்லோரும் சலித்துக்கொள்வது உண்மைதான். புகட்டும், கார் தானே பின்வாங்கிக்கொள்ளும். அந்தச் சலிப்பில் இடைவெளியைக் குறைப்பதுதான் தப்பு.

காரை லேன் கோடுகளுக்குள் தானே திருப்பி வைத்திருக்கும் லேன் அசிஸ்ட் (லேன் கீப் என்றும் சொல்வார்கள்) விஷயத்தில் பொறுமை சீக்கிரம் போய்விடும். கோடு பளிச்சென்று இருக்கும் இடங்களில் ஒழுங்காகவே பிடிக்கிறது. மேம்பாலம் கட்டி சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டிருக்கும் இடத்தில் நிலைமை மோசம். பழைய வெள்ளைக்கோடு முழுசாக அழியாமல் இருக்கும், புது மஞ்சள் கோடு அதைக் குறுக்கே வெட்டும். கார் பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு பேரிகார்டை நோக்கி இழுக்கும். எக்ஸிட் பிரிகிற இடத்தில் இடதுகோடு விலகினால் அதோடு சேர்ந்து போகப் பார்க்கும். கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் 2018 மார்ச் 23 அன்று டெஸ்லா மாடல் எக்ஸ் ஒன்று லேன் பிரியும் இடத்தில் தடுப்பில் போய் மோதி ஓட்டுநர் இறந்ததிலும் மங்கிய கோட்டுக்குப் பங்கு இருந்தது. முன்னால் வண்டி இல்லாததால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் மோதியது. ஓட்டியவரின் கவனம் போனில் இருந்தது.

இன்னொன்று, காட்சியாகச் சிறியது, விளைவில் பெரியது. வளைவிலோ கோடு இல்லாத இடத்திலோ பல கார்களில் லேன் பிடிப்பு சத்தமே இல்லாமல் விட்டுவிடும். மீட்டரில் இருக்கும் பச்சை ஸ்டியரிங் படம் வெள்ளையாக மாறும், அவ்வளவே அறிவிப்பு. க்ரூஸ் மட்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். வேகம் குறையாததால் எல்லாம் இயங்குகிறது என்று ஓட்டுபவர் நினைப்பார், காரை யாருமே திருப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். கை வைக்கச் சொல்லும் எச்சரிக்கையை ஏமாற்ற ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டில் கட்டும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்தப் பச்சைப் படம் மாறும் நேரத்தில் பாட்டில் என்ன செய்யும்?

ஊருக்குள் லேன் கீப்பை அணைத்துவிடுங்கள். பள்ளத்தை ஒதுக்க இண்டிகேட்டர் போடாமல் லேசாகத் திருப்பும்போது அது எதிர்த்து இழுக்கும், பக்கத்தில் பைக் இருந்தால் வம்பு. தானியங்கி பிரேக்கை மட்டும் அணைக்கவே கூடாது. எச்சரிக்கை நேரத்தை ‘தாமதம்’ என்று மாற்றினால் பைக்காரர்கள் குறுக்கே நுழைவதற்கெல்லாம் கத்துவது குறையும். தேவையில்லாமல் பிரேக் போடுவது எப்போதாவது நடக்கும், பெரும்பாலும் வளைவில் நிற்கும் வண்டியையோ மீடியன் இடைவெளியில் மூக்கை நீட்டும் பைக்கையோ பார்த்து. பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டிப்பர்தான் அப்போது பயம். பின்னால் கனரக வண்டி ஒட்டினால் க்ரூஸை விட்டு வழிவிடுவதே நல்லது. கண்ணாடியில் தெரியாத பக்கத்து வண்டியைக் காட்டும் பிளைண்ட் ஸ்பாட் விளக்கும், ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருபவரைச் சொல்லும் எச்சரிக்கையும் குறையே சொல்ல முடியாதவை. ஆட்டோ ஹைபீம், ஒற்றை மங்கிய லைட்டோடு எதிரே வரும் டிவிஎஸ் 50-ஐக் கண்டுகொள்ளாது, கையாலேயே டிப் செய்யுங்கள்.

பராமரிப்பில் கெடுவது பெரும்பாலும் நம் பழக்கங்களால். ஆயுத பூஜைக்கு ரேடார் மூடியின் மேல் அப்பும் சந்தனம் குங்குமம், கிரில்லை மறைக்கும் மாலை, கேமராவுக்கு முன்னால் ஒட்டிய ஃபாஸ்டேக், டேஷ்போர்டில் கண்ணாடியில் எதிரொளிக்கும் வெள்ளிப் பிள்ளையார். ரேடார் மறைந்தால் மீட்டரில் செய்தி வரும், பாதி மறைந்தால் வராமலும் போகலாம். பம்பரில் கீறல் விழுந்து டச்சப் செய்யும்போது ரேடாருக்கு முன்னால் தடியாகப் பட்டி வைத்து மெட்டாலிக் பெயிண்ட் அடித்தால் அலை சரியாகப் போய் வராது. மூலைப் பம்பர்களுக்குள் இருக்கும் பின்பக்க ரேடார்களுக்கும் இதே கதி.

முன் கண்ணாடி மாற்றினால் கேமரா கேலிபிரேஷன், அதாவது அதன் பார்வைக் கோணத்தை அளந்து சரிசெய்வது, கட்டாயம். சமதளத் தரையில், டயர் காற்று சரியாக, டிக்கியில் பாரம் இல்லாமல், காருக்கு முன்னால் குறிப்பிட்ட தூரத்திலும் உயரத்திலும் டார்கெட் போர்டு வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. சில மாடல்களில் ஸ்கேனரை மாட்டி, கோடு தெளிவாக உள்ள ரோட்டில் ஓட்டிச் செய்வார்கள். கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 100 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும், அரை லேன். வெளிக்கடையில் மலிவாகக் கண்ணாடி மாற்றி ‘எரர் எதுவும் வரலையே சார்’ என்று சாவியைக் கொடுத்தால் திருப்தியாகிவிடாதீர்கள். கேலிபிரேஷன் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். சஸ்பென்ஷன் வேலை, டயர் அளவு மாற்றம் இவற்றுக்குப் பிறகும் கேளுங்கள்.

பொறுப்பு என்று வரும்போது சட்டம் சுற்றி வளைக்கவில்லை. லெவல் 2 என்றால் ஓட்டுபவர் நீங்கள்தான். உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன்படி வழக்கு, ஐந்து ஆண்டு வரை சிறை. ‘கார்தான் ஓட்டியது’ என்று சொல்ல இடமில்லை. இழப்பீடு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தீரும், மூன்றாம் நபர் காப்பீடு அடாஸ் ஆன் ஆகியிருந்ததா என்று பார்த்துக் கொடுப்பதில்லை. தயாரிப்பாளர் மேல் போக வேண்டுமானால் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்ற அத்தியாயம் இருக்கிறது. வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராதது இரண்டையும் அதில் கேட்கலாம். ஆனால் ஓனர் மேனுவலில் ‘நிற்கும் வாகனங்களைக் கண்டறியாமல் போகலாம்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் காரணமே அந்த வழக்குதான். அதன் மேல் வெளிக்கடைப் பெயிண்டும் பாட்டிலும் சேர்ந்தால் உங்கள் பக்கம் இன்னும் மெலியும்.

ஃப்ளோரிடாவில் 2019-ல் நடந்த விபத்துக்கு 2025 ஆகஸ்டில் மயாமி நடுவர் குழு சொன்ன தீர்ப்பு இந்த விவாதத்தைக் கொஞ்சம் அசைத்தது. டெஸ்லாவின் ஓட்டுதவி வசதியான ஆட்டோபைலட்டில் போன ஓட்டுநர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தார், கார் டி-சந்திப்பைத் தாண்டி நின்றிருந்த வண்டியில் மோதியது, 22 வயதுப் பெண் இறந்தார். ஓட்டுநருக்கு 67 சதவீதப் பொறுப்பு, டெஸ்லாவுக்கு 33. டெஸ்லா தர வேண்டியதாகச் சொன்ன தொகை சுமார் 24 கோடி டாலர். அந்த ஓட்டுநரின் கால் ஆக்ஸிலரேட்டரின் மேல் இருந்தது. நம் கார்களிலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் க்ரூஸின் பிரேக் அடங்கிவிடும். மேட்டில் கார் சோம்பலாக ஏறுகிறதென்று காலை வைத்து, எடுக்க மறந்தவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

விபத்து நடந்துவிட்டால் டேஷ்கேம் மெமரி கார்டை உடனே கழற்றி வையுங்கள், இல்லையென்றால் மேலே மேலே பதிவாகி அழியும். மீட்டரில் எரியும் எச்சரிக்கைகளைப் படம் எடுங்கள். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டியதும் முதல் வேலையாக காரில் பதிவான கோளாறுக் குறியீடுகளை (ஃபால்ட் கோட்) அழிப்பார்கள். அழிப்பதற்கு முன் ரிப்போர்ட் வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது.

ஆக்டிங் டிரைவரை வைத்து அனுப்புகிறவர்கள் சாவி கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் செலவழிக்க வேண்டும். அடாஸ் இல்லாத வண்டியே ஓட்டிப் பழகியவர் கையில் ஸ்டியரிங் திடீரென்று இழுத்தால் பதறி மறுபக்கம் ஒடிப்பார். லேன் கீப்பை அணைத்து, க்ரூஸ் போட வேண்டாம் என்று சொல்லி, தானியங்கி பிரேக் தானாக இறங்கினால் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். தீர்ப்பாயத்தில் வாகன உரிமையாளர் என்ற முறையில் உங்கள் பெயரும் வரும்.