புதுசு என்று வந்த பழைய வாஷிங் மெஷின்: ஆன்லைனில் பெரிய சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், டிவி என்று பெரிய சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். தீபாவளித் தள்ளுபடியில் நாங்கள் வாங்கிய ஃபிரன்ட் லோட் வாஷிங் மெஷின், ஏற்கெனவே யாரோ ஒருவர் வீட்டில் துணி துவைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அதைப் புதுசு என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெரிய விற்பனைத் தளம்தான். வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை. பழசைக் கொடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். 'இது பழசு' என்று சொல்வதற்கே அந்த ஆப்பில் இடம் வைக்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

முதலில் டெலிவரி. இந்த மாதிரி மெஷினுக்கு ஆப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்: இன்ஸ்டலேஷன் ஆள் வரும்வரை பெட்டியைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம். சரி, பிரிக்கவில்லை. ஆனால் சாமானைக் கொண்டுவந்த தம்பி வாசலிலேயே நின்று, "அக்கா, ஓடிபி சொல்லுங்க, வண்டியில இன்னும் நிறைய லோடு இருக்கு" என்கிறார். ஓடிபி சொன்னால்தான் பெட்டி வீட்டுக்குள் வரும். சொன்ன நொடியில் 'வாடிக்கையாளர் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டார்' என்று அவர்கள் பக்கம் பதிவாகிவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் கூடாது, நல்லபடியாக வந்தது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இரண்டு விதியையும் போட்டது ஒரே நிறுவனம். வாசலிலேயே பிரித்துக் காட்டிவிட்டு ஓடிபி வாங்கும் 'ஓபன் பாக்ஸ் டெலிவரி' சில பொருள்களுக்கு இருக்கிறது. இந்த மெஷினுக்கு எங்கள் பின்கோடில் அது இல்லை. உங்களுக்கு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இன்ஸ்டலேஷனுக்கு வந்தவர் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆள், நல்ல அனுபவஸ்தர். பெட்டியைப் பிரித்து, மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஃபிரன்ட் லோட் மெஷின் வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் நீளமான போல்ட்டுகளைப் போட்டு முறுக்கியிருப்பார்கள். டிரான்சிட் போல்ட் என்பார்கள். வீட்டில் பொருத்தும்போதுதான் அவற்றைக் கழற்றி, அந்த ஓட்டைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைப்பார்கள். எங்கள் மெஷினில் போல்ட் ஒன்றுகூட இல்லை. மூடிகள் ஏற்கெனவே போட்டிருந்தன.

"அக்கா, இது எங்கேயோ மாட்டி ஓட்டின மெஷின்" என்றார்.

அப்புறம் சோப்புப் பவுடர் போடும் டிரேயை வெளியே இழுத்தார். அதன் மூலையில் நீல நிறப் பவுடர் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே ஓரத்தில் இருக்கும் ஃபில்டரைத் திருகி எடுத்தால், கொஞ்சம் அழுக்குத் தண்ணீரோடு நூல் பிசிறும் ஒரு வெள்ளைச் சட்டைப் பித்தானும் வந்து விழுந்தன. பித்தானில் தைத்த நூல்கூட அறுந்த நிலையில் அப்படியே இருந்தது. பெட்டியின் லேபிளில் தொடங்கிப் பித்தான் வரைக்கும் என் கணவர் ஒரே வீடியோவாக எடுத்துவைத்தார்.

அந்த சர்வீஸ்காரர் நல்ல மனிதர். தன் போனைத் திருப்பிக் காட்டினார். "என் ஆப்ல ரெண்டே பட்டன்தான்க்கா. இன்ஸ்டலேஷன் முடிஞ்சது, இல்லைன்னா கஸ்டமர் கேன்சல் பண்ணிட்டாங்க. பழைய மெஷின்னு போட இடமே இல்லை." ஆனாலும் தன் கம்பெனியின் ஜாப் ஷீட்டில் போல்ட் இல்லாததையும் பவுடர், பித்தான் இருந்ததையும் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு தாள் பின்னால் பெரிய உதவியாக இருந்தது. உங்கள் வீட்டுக்கு வருகிறவரிடமும் கேட்டு வாங்குங்கள்.

இனிமேல்தான் கதையே. ஆப்பில் 'ரிட்டர்ன்' பக்கத்துக்குப் போனால் காரணம் கேட்கிறது. உடைந்து வந்தது, வேலை செய்யவில்லை, வேறு பொருள் வந்தது, பாகம் குறைகிறது. இவ்வளவுதான். பயன்படுத்திய பொருள் என்று ஒன்று கிடையாது. 'வேறு பொருள்' என்று போட்டேன். படம் கேட்டது, அனுப்பினேன். படத்தில் இருப்பது நான் வாங்கிய அதே மாடல்தான் என்று பதில் வந்தது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 'வேலை செய்யவில்லை' என்று போட்டால் அவர்களுடைய டெக்னீஷியன் ஒருவர் வந்தார். துணி போடாமல் ஓட்டிப் பார்த்தார். ஓடுகிறது. பித்தானைக் காட்டினேன், பவுடரைக் காட்டினேன். பாவம், அவருக்கும் அதே நிலைமை. ஓடுகிறது, ஓடவில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவரால் அழுத்த முடியும். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் எனக்கு மெசேஜ்: 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?'

சாட்டில் வந்தவர்கள், தொழிற்சாலையில் தண்ணீர் விட்டுச் சோதிப்பதால் உள்ளே ஈரம் இருக்கலாம் என்றார்கள். அது உண்மைதான், புது மெஷினில் சில சொட்டுத் தண்ணீர் இருக்கும். சோப்புப் பவுடரும் சட்டைப் பித்தானும் எந்தத் தொழிற்சாலையிலிருந்து வரும் என்று கேட்டால் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் சாட் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் வேறொருவர் வருவார், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

என் சித்தி பெண் சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் இப்படி ஒரு கஸ்டமர் சப்போர்ட் மையத்தில் வேலை பார்த்தவள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு இந்த அமைப்பு புரிந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல சாட்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் எத்தனை நிமிடத்தில் மூடினார் என்று கணக்கெடுப்பார்கள். நாம் பதில் போடக் கொஞ்சம் தாமதித்தால் சாட் முடிந்துவிடும், அதுவும் 'முடித்தது' கணக்கில்தான் சேரும். மறுபடி போனால் புது டிக்கெட், அதாவது புதுப் புகாராகப் பதிவாகும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரீஃபண்ட் கொடுக்க அவர்களுக்கு அதிகாரமே கிடையாது. "அக்கா, நீ எத்தனை தடவை எழுதினாலும் அந்தக் கீழ்ப்படியிலேயேதான் சுத்திக்கிட்டு இருப்பே" என்றாள்.

ஆக, என் ஒரே புகார் அவர்கள் கணக்கில் பல வெற்றிகளாக ஏறியிருக்கிறது. மேலே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும். நான் இதைத் தற்செயலாக நடந்த பிசகு என்று நம்பவில்லை. பணம் கட்டும் பக்கத்தைப் பாருங்கள். முகவரி தானாக வருகிறது, இஎம்ஐ ஒரு தொடுதலில் முடிகிறது, பழைய மெஷினுக்கு எக்ஸ்சேஞ்ச் விலை உடனே போடுகிறது. இவ்வளவு யோசித்துக் கட்டத் தெரிந்தவர்களுக்கு, திரும்பி வந்த மெஷின் மறுபடி புதுச் சரக்கோடு கலந்து வெளியே போகலாம் என்பது தெரியாதா? அதற்கு ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? வாங்குகிற வழிக்குத் திட்டம் போட்டவர்கள், திருப்புகிற வழிக்குப் போடவே இல்லை.

நடுவில் இன்னொரு ஆபத்து வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் பேச நம்பர் கிடைக்காமல் மாமனார் இணையத்தில் அந்தத் தளத்தின் பெயரைப் போட்டுக் கஸ்டமர் கேர் நம்பர் தேடினார். முதலில் வந்த நம்பரில் எடுத்தவன் அழகான தமிழில், "ரீஃபண்ட் இன்னைக்கே போட்டுடலாம் சார்" என்று சொல்லி, போன் திரையைப் பகிரும் ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். நான் பக்கத்தில் இருந்ததால் போனை வாங்கித் துண்டித்தேன். இது பரவலாக நடக்கும் மோசடி. ரீஃபண்டுக்காக அலைகிற ஆட்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். திரையைப் பகிர்ந்தால் உங்களுக்கு வரும் ஓடிபி அவன் கண் முன்னால் இருக்கும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எங்கேயும் தேவையில்லை, அது பணம் அனுப்புவதற்கும் கணக்கில் இருப்பு பார்ப்பதற்கும்தான். யாராவது மாட்டிக்கொண்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், உடனே சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

எங்களுக்கு வழி திறந்தது சீரியல் நம்பரில். மெஷினின் மேல் ஒட்டியிருக்கும் அந்த நம்பரை எடுத்துக்கொண்டு, மெஷின் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று கேட்டேன். பதில் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பில் தேதிக்கு முன்பே அந்த நம்பருக்கு இன்ஸ்டலேஷன் பதிவாகி, வாரண்டி தொடங்கியிருந்தது. அதை இமெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். யாரிடமும் வாதாட வேண்டியதில்லாத ஆதாரம் அது. தயவுசெய்து மெஷின் வந்த அன்றே இந்த ஒரு போனைப் போட்டுவிடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் அச்சிட்டிருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சட்டம். நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிகம்) விதிகள் 2020-இல் வந்தன. ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று அவர் ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்கும் கடைக்காரர் யார், அவர் முகவரி என்ன என்பதையும் தளம் காட்டியாக வேண்டும். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. அந்த அதிகாரியின் இமெயில் ஆப்பின் அடியில், சட்டத் தகவல்கள் பகுதியில் பொடி எழுத்தில் இருந்தது. அதற்கு வீடியோ இணைப்பு, ஜாப் ஷீட், வாரண்டி இமெயில் மூன்றையும் அனுப்பினேன். 'நாங்கள் விற்பவர்களையும் வாங்குபவர்களையும் இணைக்கும் தளம் மட்டுமே' என்று அங்கிருந்தும் ஒரு பதில் வந்தது.

அப்புறம் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்து நம்பர் கொடுத்தார்கள். இது நீதிமன்றம் இல்லை, தண்டிக்க அவர்களால் முடியாது. ஆனால் புகாரை நிறுவனத்தின் மேல்மட்டத்துக்கே அனுப்புகிறார்கள். அதன் பிறகுதான், அதுவரை கிடைக்காத ஒரு மனிதக் குரல் அந்தத் தளத்திலிருந்து எங்களைத் தேடிக் கூப்பிட்டது. இடைஞ்சலுக்கு வருத்தம் தெரிவித்தார்கள். அன்றே மெஷினை எடுத்துப்போக ஒப்புக்கொண்டார்கள்.

பணம் வந்த விதமும் லேசில்லை. முதலில் ஆப்பின் வாலெட்டில் போடுகிறோம் என்றார்கள். அப்படி வாங்கினால் மறுபடி அவர்களிடமே ஏதாவது வாங்க வேண்டும். கட்டிய வழியிலேயே திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டேன், கிரெடிட் கார்டுக்கு வந்தது. ஆனால் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, அந்த அளவுக்கு விலையில் முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறார்கள். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், வங்கியின் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில். பொருளைத் திருப்பிய பிறகும் அவை எங்களுக்குத் திரும்பவில்லை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய மெஷினும் போனது போனதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது. அதற்கு அவர்கள் போட்டிருந்த அடிமாட்டு விலையை மட்டும் தந்தார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, கையால் துவைக்க முடியாது. அந்த நாட்களெல்லாம் வீட்டில் மெஷினே இல்லாமல் இருந்தோம். இதை எந்த ரீஃபண்ட் கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை.

அதனால்தான் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் பரவாயில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். தளம், விற்பனையாளர் இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிப்பார்கள். அந்தத் திரும்பி வந்த மெஷின் எந்தக் கிடங்கில், யார் கையெழுத்தில் புதுச் சரக்கில் சேர்ந்தது என்ற பதிவைத் தாக்கல் செய்யச் சொல்லியும் மனுவில் கேட்டிருக்கிறேன்.

புகாரையும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய கடிதத்தையும் யாருக்காவது மாதிரிக்கு வேண்டுமென்றால் கேளுங்கள். பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.