எக்செல் 2024: கடைக் கணக்குக்கு எது உதவும், எது உதவாது

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். இவ்வளவு காலமும் எக்செல் 2016தான். அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுபோனதால், முதலாளி ஒருமாதிரி மனம் வைத்து 2024 பதிப்பை வாங்கித் தந்தார். இது சந்தா கட்டுகிற மைக்ரோசொஃப்ட் 365 இல்லை. ஒருமுறை காசு கொடுத்தால் ஒரு கணினிக்குச் சரி.

புதிதாக வந்ததில் என் வேலையை மாற்றியது, பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) சூத்திரம். முன்பு விலைப்பட்டியலில் இருந்து பில்லுக்கு விலை எடுக்கப் பழைய வீலுக்கப் (VLOOKUP) சூத்திரம்தான். அதில் தேடுகிற குறியீடு விலைக்கு இடப்பக்கம் இருந்தாக வேண்டும். எங்களுக்குக் கொழும்பில் இருந்து வரும் பட்டியலிலோ பெயர் முதலில், விலை அடுத்து, குறியீடு கடைசியில். ஒவ்வொரு முறையும் அந்த நிரலை வெட்டி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் யாராவது ‘கழிவு’ (தள்ளுபடி) என்று ஒரு நிரலைச் செருகினால் இன்னும் மோசம்: எத்தனையாவது நிரல் என்று எண்ணில் எழுதிவைத்த சூத்திரம் விலையை விட்டுவிட்டுக் கழிவை எடுத்து வரும், மைசூர்ப் பருப்பு கிலோ பத்து ரூபாய் என்று பில் அடிக்கும்! எக்ஸ்லுக்கப்பில் எதைத் தேட வேண்டும், எந்த நிரலில் தேட வேண்டும், எந்த நிரலில் இருந்து எடுக்க வேண்டும் என்று தனித்தனியாகக் காட்டிவிடுகிறோம். நான்காவதாக ‘விலை இல்லை’ என்று எழுதிவைத்தால், பட்டியலில் இல்லாத பொருளுக்கு அதுவே வரும். பழகுகிறவர்கள் பழைய சூத்திரத்தை உடனே அழிக்க வேண்டாம். பக்கத்து நிரலில் புதியதைப் போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கொஞ்ச நாள் பாருங்கள்.

அடுத்தது ஃபில்டர் (FILTER) சூத்திரம். மே முதல் செப்டெம்பர் வரை சீசனில் உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் கடனுக்குச் சாமான் எடுக்கும். பாக்கி உள்ளவர்களை மட்டும் தனி ஷீட்டில் இது வரிசையாகக் கொட்டிவிடும். காசு கட்டியதைப் பதிந்ததும் அந்தப் பெயர் தானாகவே போய்விடும். ஆனால் கீழே உள்ள கலங்கள் காலியாக இருக்க வேண்டும், ஒரு எழுத்துக் கிடந்தாலும் ‘ஸ்பில்’ என்ற பிழைதான் வரும். டேபிளாக மாற்றிய பகுதிக்குள்ளும் இது வேலை செய்யாது. பல ஷீட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும் வீஸ்டாக் (VSTACK) சூத்திரமும் நல்லதுதான். இணைய முகவரியில் இருந்து படத்தைக் கலத்துக்குள் கொண்டுவரும் வசதியும் இருக்கிறதாம். சீனி மூட்டைக்குப் படம் எதற்கு?

குறை ஒன்று உண்டு. எங்கள் கணக்கைச் சரிபார்ப்பவரிடம் இன்னும் 2016தான். கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், திரும்பக் கணக்கிட்டதும் இந்தப் புதிய சூத்திரங்கள் உள்ள கலங்களில், 2016க்கு அவற்றைத் தெரியாததால், ‘நேம்’ பிழை வந்து நிற்கும். அதனால் அவருக்கு அனுப்புவதற்கு முன் சூத்திரங்களை எடுத்துவிட்டு, மதிப்புகளை மட்டும் ஒட்டிய பிரதி ஒன்று எடுக்கிறேன். அலுப்பான வேலை.

காசு செலவழிக்க விருப்பம் இல்லாதவர்கள், எக்செல் போலவே கணக்குத்தாள் போட உதவும் லிப்ரே ஓபிஸ் என்ற மென்பொருளைப் பாருங்கள். 2024 ஓகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலேயே எக்ஸ்லுக்கப்பும் ஃபில்டரும் சேர்ந்துவிட்டன, அதுவும் இலவசம். கிண்ணியாவில் சின்னக் கடை வைத்திருக்கும் கூட்டாளி, “விலை எடுக்க மட்டும்தானே மச்சான், அதுக்கு ஏன் இவ்வளவு காசு?” என்று கேட்டான். அவனுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.