மோரிஸ் மைனரில் பினாங்கு: முதல் சோதனை கடற்பாலத்தில்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு சுமார் 700 கிலோமீட்டர். பழைய பிரிட்டிஷ் காரான 1098 சிசி மோரிஸ் மைனருக்கு நெடுஞ்சாலை ஒரு பொருட்டே அல்ல. 80, 85 வேகத்தில் நாள் முழுக்க ஓடும். உயிரை வாங்குவது ஜொகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பால நெரிசல்தான்.

வண்டி ஊரும்போது பெல்ட்டில் சுற்றும் விசிறிக்கு வேகம் கிடைக்காது, ரேடியேட்டருக்குக் காற்றும் போதாது. எனவே ரேடியேட்டரைக் கழற்றி, கீழ்வாய் வழியே தண்ணீர் பாய்ச்சி அடைப்பை எடுப்பது முதல் வேலை. எஞ்சின் தண்ணீர் சூடானதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் 74 டிகிரி போதும்; அதற்கு மேற்பட்டவை குளிர்நாட்டுக்கு. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் 7 பிஎஸ்ஐ. அதிக அழுத்த மூடி போட்டால் கொதிநிலை ஏறும், பழைய ஹோஸும் வெடிக்கும். எஞ்சின் மிகவும் சூடானால் ஹீட்டரைத் திறந்துவிடுங்கள். வேர்த்துக் கொட்டினாலும் எஞ்சின் தப்பிக்கும்.

பெல்ட் விசிறிக்குப் பதில் ரேடியேட்டருக்கு மின்விசிறி மட்டும் மாட்டினால் வேறு வம்பு. பேட்டரிக்கு மின்சாரம் தரும் பழைய டைனமோ, வண்டி நின்று எஞ்சின் மெல்ல ஓடும்போது சார்ஜ் செய்யாது. இரவு மழையில் விசிறி, வைப்பர், முகப்பு விளக்கு மூன்றும் சேர்ந்து பேட்டரியை இறக்கிவிடும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும் வேண்டும். அதற்காக பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது) நெகட்டிவாக மாற்றும்போது இக்னிஷன் காயில் வயர்களையும் இடம் மாற்றுங்கள். மறந்தால் ஸ்பார்க் பலவீனமாகும். வண்டியில் செய்யக்கூடிய மாற்றங்களில் போட்ட காசுக்கு முழுதாக உழைப்பது ஆல்டர்னேட்டர்தான். பாயிண்ட்ஸுக்குப் பதிலாக ஸ்பார்க்கை நடத்தும் எலெக்ட்ரானிக் இக்னிஷனும் நல்லதே. ஆனால் எஞ்சின் ஓடாமல் சாவி ஆனில் கிடந்தால் கருகிவிடக்கூடும். பழைய பாயிண்ட்ஸ், கண்டென்சர் ஒரு செட் பையில் இருக்கட்டும். பாயிண்ட்ஸ் இடைவெளி 0.38 மிமீ, பிளக் 0.64 மிமீ.

முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் மரை மூட்டான ட்ரனியனை அலட்சியம் செய்தால் ஆபத்து. கிரீஸ் வற்றினால் அதன் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடிந்து வண்டி தரையில் அமரும். 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் என்பது கணக்கு. பினாங்கு போய்வரவே 1,400 ஆகிவிடும். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தில் பாரம் இல்லாதபோது அடித்தால்தான் கிரீஸ் சுற்றிலும் இறங்கும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்ட வண்டி ஆண்டுக்கு 45 நாள்தான் ஓடலாம். மற்ற நாளெல்லாம் நிற்பதால், ஈரம் குடித்த பிரேக் ஆயில் சிலிண்டரை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், கம்பளத்துக்குக் கீழே ஒளிந்திருப்பதால் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை.

எல்லைக்கு வந்தால் முக்கால் டாங்கி விதி: சிங்கப்பூர் வண்டி முக்கால் டாங்கி பெட்ரோலோடுதான் வெளியேற வேண்டும். தவறினால் 500 வெள்ளி வரை அபராதம். டாங்கி 29 லிட்டர், 22 லிட்டராவது இருக்க வேண்டும். சோதனையில் பார்ப்பது பெட்ரோல் முள்ளைத்தான். டாங்கியில் அளவைக் கண்டு முள்ளுக்குச் சொல்லும் சென்டரின் (sender) எர்த் இணைப்பு துருப்பிடித்திருந்தால் முள் தவறாகக் காட்டும். அந்த இணைப்பை உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியான விஇபி, சுங்கக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டை மறக்க வேண்டாம். மலேசியாவில் சிங்கப்பூர் வண்டிக்கு ரான் 95 பெட்ரோல் கிடையாது, 97தான்.

வழியில் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றால், மின்சாரத்தில் ஓடும் எஸ்யூ நிறுவனப் பெட்ரோல் பம்ப் டக்டக் என்கிறதா என்று கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். பம்புக்குள் ஒட்டிய பாயிண்ட் விடுபட்டு அடுத்த பட்டறை வரை ஓடும்.